எல்லைக்கல்லைக் கடித்தவர்

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை வெடி வைத்துப் புகை கலைந்து தூசி படிந்து, கல் பொறுக்கும் பெண்கள் கூடையோடு குழிக்குள் இறங்கிய நேரத்தில், ரங்காத்தாள்தான் அவரை முதலில் பார்த்தாள். புதிதாகப் பிளந்து நின்ற செம்பாறைச் சுவரில், வெற்றிலையில் சுண்ணாம்பு இழுத்தாற்போல, தலையிலிருந்து வால்நுனி வரைக்கும் ஒன்றும் சிதறாமல், ஒரு மிருகத்தின் எலும்பு முழுசாக இருந்தது. நாலு ஆள் தலைமாடு கால்மாடாகப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். மண்டை மட்டுமே ஒரு கை நீளம். பல் ஒவ்வொன்றும் கதிர் அறுக்கிற கருக்கரிவாளைப்போல உள்ளுக்கு வளைந்து, ஓரத்தில் பொடிப்பொடியாகக் கருக்கு வைத்திருந்தது. பார்த்தால் முதலைச் சாடை; ஆனால் முதலை இல்லை. முதலைக்குக் கால் பக்கவாட்டில் பரப்பிக் கிடக்கும். இவருக்கு நாலு காலும் உடம்புக்கு நேர் கீழே, வண்டிக்காளைக்கு இறங்குவதுபோல, தூணாக இறங்கியிருந்தன.

ரங்காத்தாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மேலே கம்ப்ரஸர் வைத்து வெடிக்குழி போட்டுக்கொண்டிருந்த தன் புருஷன் சென்னியப்பனைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்து, முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டு, "எலும்பு புள்ள. என்னைக்கோ செத்தது. நீ கல்லப் பொறுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே இருந்த தலை மேற்கே திரும்பியிருந்தது. மூன்றாம் நாள் சுவரிலேயே இல்லை; சுவர் வெறும் சுவராக, கீறல்கூட இல்லாமல் நின்றது, அவரோ முப்பது அடி தள்ளிக் குழியின் தரையில், முதுகெலும்பு வரிசை மேலே தெரிய, ஒரு முன்னங்காலை எடுத்து வைத்த கோலத்தில் இருந்தார். மீன் தண்ணீருக்குள் போவதுபோல அவர் கல்லுக்குள் போய்க்கொண்டிருந்தார். கண் இமைக்காமல் பார்த்தால் நகரமாட்டார். பீடி பற்றவைக்கக் குனிந்து நிமிர்வதற்குள் ஓர் எட்டு வைத்திருப்பார்.

செவத்தக்கரடு என்கிற அந்த இடத்தை மலை என்று சொன்னால் மலை கோபித்துக்கொள்ளும், மேடு என்று சொன்னால் மேட்டுக்குப் பெருமை. ஒரு மைல் நீளத்துக்குச் சிவந்த பாறை, அதன் தெற்குப் பாதியைக் குவாரிக்காரர் சிவசண்முகம் குத்தகைக்கு எடுத்துப் பதினெட்டு வருஷமாகக் கட்டுக்கல்லாகவும் கிராவலாகவும் அறுத்து முடித்திருந்தார், வடக்குப் பாதியில் அறுபது வீட்டுக் காலனி. விதைத்தால் முளைக்காது, தோண்டினால் தண்ணீர் வராது, மேலே பேருக்குக்கூட மண் நிற்காது என்று ஊர் கைகழுவிய இடம் என்பதால்தான் ரங்காத்தாளின் ஆட்களுக்கு அது விடப்பட்டிருந்தது. எந்தக் காலத்தில் விட்டார்கள் என்பதற்குக் காகிதம் கிடையாது. அந்தப் பாறையின்மேல் அவர்கள் வீடு கட்டினார்கள், ஆடு வளர்த்தார்கள், கல்யாணம் செய்தார்கள், செத்தவர்களைப் புதைக்க மட்டும் வண்டி மண் கொண்டுவந்தார்கள்.

அவர் காலனிக்கு அடியில் வந்து சேர்ந்தபோது முதல் வாரம் சண்டையில் போனது. யார் வைத்த வெடிச்சத்தத்துக்கு அவர் கிளம்பினார், யார் கூப்பிட்டு வந்தார் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு அடியில் அவர் போகும்போது குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாக அசையும், மோரில் இரும்பு வாசம் அடிக்கும், நாய்கள் தாடையைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். முதல் மாதம் எல்லாரும் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் தரையைப் பார்த்து, "பாத்துப் போங்க" என்றார்கள். மூன்றாம் மாதம் அதுவும் சொல்லவில்லை, குடத்தை மட்டும் தட்டு வைத்து மூடினார்கள். டீக்கடை மயிலாள் ஒரு சிலேட்டைக் கடை வாசலில் மாட்டி, வடை போண்டாவுக்குக் கீழே, இன்று அவர் யார் வீட்டுப் பக்கம் இருக்கிறார் என்று எழுதிவைத்தாள். துணி துவைக்கிற கல்லுக்குள் அவர் தலை வந்து நின்ற அன்று பெண்கள் துணியை அடிக்காமல் கசக்கிப் பிழிந்தார்கள். தாலி கட்டுகிற நேரத்துக்கு மணவறைக்கு அடியில் அவர் வந்து நின்றதால், அவர் நகரட்டும் என்று ஒரு முகூர்த்தம் அரைமணி தள்ளிப்போனது. பெண் வீட்டார் அதற்காகக் கோபிக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன்பே வேறு காரணத்துக்காகக் கோபித்திருந்தார்கள்.

சாமியாக்கிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. குறிசொல்கிற முத்தன் பாறைப் பிளவு ஒன்றில் வேல் நட்டு, எலுமிச்சை குத்தி, மஞ்சள் துணி கட்டினார். அன்றிலிருந்து நாற்பது நாள் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நட்ட வேலைப் பிடுங்கிய மறுநாள் வந்தார்.

"கும்பிடச் சொல்லி அவரு கேக்கலீங்களே" என்றாள் ரங்காத்தாள். "இருக்கறாரு. அவ்வளவுதான். நாமளும் இருக்கறோம்."

அவர் சும்மா உலாத்தவில்லை, வேட்டையாடுகிறார் என்பதைக் கண்டவளும் அவள்தான். ஆட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்த பாறையில், கிளி மூக்கும் பன்றி உடம்புமாகக் குண்டுக்குண்டான வேறு எலும்புகள் கூட்டமாக நின்றிருப்பதை அவள் ஒரு நாள் பார்த்தாள். மறுநாள் கூட்டம் கலைந்திருந்தது. ஒன்று மட்டும் விலாவெலும்பு நொறுங்கிக் கிடந்தது, அதன் தொடையெலும்பில் கருக்கு வைத்த பல் ஒன்று முறிந்து ஏறியிருந்தது. பாறைக்குள் நடக்கிற எல்லாமே அவருக்குப் பயந்தன. சாயங்காலம் ஆடுகள் மேய்ந்து திரும்பும்போது, பாறைமேல் அத்தனை குளம்புச் சத்தம் கேட்டதும், எங்கே இருந்தாலும் அவர் அந்தச் சத்தத்துக்கு அடியில் வந்து கூடவே நடந்தார்.

லாரி டிரைவர் போனில் எடுத்த படம் கைமாறிக் கைமாறி, இரண்டு பஸ் மாறி வரவேண்டிய ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிற ஸ்டெல்லா என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்டெல்லாவுக்கும் ரங்காத்தாளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. பஸ் ஒத்துக்கொள்ளாத உடம்பு. வந்து இறங்கியதும் மயிலாள் கடையில் எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்துவிட்டு, சுத்தியலும் தூரிகையும் இருந்த துணிப்பையோடு பாறையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"இது டைனோசர் இல்லை" என்றார் ரங்காத்தாளிடம். "அதுக்கும் முந்தி. இவரு இருந்தப்ப டைனோசர் எல்லாம் நாய் அளவு. இவரு வர்ற சத்தம் கேட்டா ஓடிப்போய் ஒளிஞ்சுக்கும். இருபத்து மூணு கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல இவருக்கு மேல ஒருத்தர் கிடையாது."

"முதலைக்குப் பாட்டனுங்களா மேடம்?"

"நேர் பாட்டன் இல்லை. பெரியப்பன் வீட்டு வழின்னு வெச்சுக்கங்க. பங்காளி."

"கால் நேரா இருக்குதுங்களே."

"நிமிர்ந்து நடந்தவங்க. அந்த வழியே பின்னால அத்துப்போச்சு. மிஞ்சின வழியில தண்ணிக்குள்ள ஒதுங்கி, வயித்தால ஊர்ந்து பொழச்சதுதான் இப்ப நாம பாக்கற முதலை."

பதினெட்டு வருஷம் குனிந்து கல் பொறுக்கியதில் ரங்காத்தாளின் முதுகு நேராக நிற்க மறந்து, நடக்கும்போது எதையோ தேடுகிறவள்போல இருக்கும். "ஊர்ந்தது ஆதியிலேயே ஊர்ந்ததுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றாள்.

ஸ்டெல்லா வாரம் தவறாமல் வந்தார். பெரிய பல் இருப்பதால் மட்டும் ஒருவரைக் காட்டுக்கு ராஜா என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், அவர் யாரைக் கடித்தார், எப்படிக் கடித்தார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று சொல்லி, கடிபட்ட எலும்புகளுக்கெல்லாம் மாவு கரைத்து ஊற்றி அச்செடுத்தார். எலும்பு நடப்பதைப் பற்றி அவர் ரொம்ப யோசிக்கவில்லை. நோட்டில் 'இடம்' என்று இருந்த பத்தியில் மணியையும் சேர்த்து எழுதிக்கொண்டார். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அவர் அனுப்பிய கட்டுரையை, இடம் நிலையாக இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இடத்தைத் திருத்த மனமில்லாமல் அதை அப்படியே மறுபடியும் அனுப்பினார்.

குவாரிக்காரர் சிவசண்முகம் வைகாசியில் வந்தார். தெற்குப் பாதி தீர்ந்துவிட்டது, வடக்குப் பாதிக்குக் குத்தகை கேட்டிருந்தார்; நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், பட்டாவோடு ஆளுக்கு ஓர் இடம் வாங்கித் தருவதாக, காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தன்மையாகவே சொன்னார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. காலனியில் யாருக்காவது கை கால் நசுங்கினால் ஆஸ்பத்திரிக்குத் தன் ஜீப்பைத்தான் அனுப்புவார், வேறு வண்டியைத் தேடவிடமாட்டார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"எங்க நல்லதுக்குச் சொல்ல வர்றவங்க யாரும் காரைவிட்டு எறங்கறதில்லீங்க" என்றாள் ரங்காத்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினார். மறுவாரம் அரசாங்க சர்வேயரோடு பதினொரு கருங்கல் எல்லைக்கற்கள் வந்து இறங்கின. சிவப்புப் பாறையைக் குடைந்து, காலனியைச் சுற்றி அல்ல, காலனிக்கு நடுவிலேயே, எண் போட்டு நட்டார்கள். ஏழாம் எண் கல் ரங்காத்தாள் வீட்டு வாசல்படிக்கு நேர் எதிரே, கதவைத் திறந்தால் முகத்தில் இடிக்கிற இடத்தில் நின்றது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த சென்னியப்பன் சோற்றில் கையை வைத்துக்கொண்டே பேசினான். "போயிரலாம் புள்ள. அங்க காயிதம் தர்றாங்க. இங்க நமக்கு என்ன இருக்குது, கல்லு."

"ஏனுங்க மாமா, இத்தன வருஷம் யாரு கரட்டையோவா ஒடச்சீங்க?"

"ஒடைக்கச் சொன்னாங்க, ஒடச்சேன்."

"இப்ப வீட்டையும் ஒடைக்கச் சொல்லுவாங்க. குழி நீங்கதான் போடோணும். வாசலுக்கு எத்தன குழி, அடுப்படிக்கு எத்தன குழின்னு கணக்குப் பாத்து வெச்சிருக்கீங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். சாப்பிடாமல் எழுந்திருக்கவில்லை.

அழிந்துபோன உயிர்களின் எலும்பு இருக்கிற இடம் என்று நிரூபித்தால் கரட்டைத் தொட முடியாது என்று ஸ்டெல்லா எழுதிய மனுவுக்காக வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் பாறைக்குள் நடக்கிறவர் ஆழத்தில் எங்கேயோ இருந்தார். அதிகாரி பாறையைப் பார்த்தார், பாறை பாறையாக இருந்தது. "எங்கம்மா உங்க முதலை?" என்று கேட்டபோது கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாவு அச்சுகளைக் காட்டிய ஸ்டெல்லாவிடம், பிள்ளையார் செய்கிறவர்களும் இப்படித்தான் அச்சு வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். ஸ்டெல்லா அச்சுகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மூன்றாவது முறை, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருவதுதான் கடைசி, வந்து பார்த்து ஒன்றுமில்லையென்றால் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

அன்று சாயங்காலம் ஆடுகள் பாறையேறி வந்தன. வழக்கம்போல எங்கிருந்தோ அவர் வந்து, அந்தக் குளம்புகளுக்கு அடியில் கூடவே நடந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரங்காத்தாள் நேராக மயிலாள் கடைக்குப் போய், அங்கே இருந்தவர்களிடம், "நாம கூப்புட்டா வருவாருங்க" என்றாள்.

"எப்படிக் கூப்பிடறது?"

"பாறைமேல கூட்டமா, கனமா, மெதுவா நடக்கோணும். அந்தக் கிளிமூக்குக்காரங்க நடந்தாப்பல."

சென்னியப்பன் அங்கேதான் இருந்தான். "இரையாட்டம் நிக்கச் சொல்றியா? கிறுக்கா புள்ள உனக்கு?"

"காலம் பூராவும் அப்படித்தானே நின்னோம். யாரோ நிறுத்துனாங்க, நின்னோம். இது நாமளா நிக்கறது."

யாரும் சரி என்று சொல்லவில்லை. மயிலாள் மட்டும் சிலேட்டை எடுத்து அழித்து, அவர் இருக்கும் இடத்தை எழுதாமல், வியாழக்கிழமை காலை பதினொரு மணி என்று எழுதினாள்.

வியாழக்கிழமை வெயிலில் பாறை அடுப்புத்தட்டாகக் காய்ந்திருந்தது. அதிகாரி குடைக்குக் கீழே நின்று பார்த்தார், சிவசண்முகம் இந்தத் தடவை காரைவிட்டு இறங்கியிருந்தார், அதிகாரி கோப்பைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றிய நேரத்தில் ரங்காத்தாள் தன் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினாள். செருப்பில்லாத குதிகால் முழுசும் பதிய, ஒவ்வோர் எட்டுக்கும் உடம்பின் பாரத்தை இறக்கி வைத்து நடந்தாள். பின்னால் மயிலாள் வந்தாள், குறிசொல்கிற முத்தன் வந்தார், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்களும் கோல் ஊன்றியவர்களும் வந்தார்கள், கல் பொறுக்குகிறவர்களும் லாரி ஏற்றுகிறவர்களும் வந்தார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தச் சிவந்த பாறைமேல் பேசாமல், கும்மியடிக்காமல், கோஷம் போடாமல், தின்று கொழுத்த மந்தைபோல மெதுவாகவும் கனமாகவும் நடந்தார்கள். பாறை உள்ளே உலக்கை விழுவதுபோல அதிர்ந்தது.

"என்ன இது, ஆர்ப்பாட்டமா? அனுமதி வாங்கினீங்களா?" என்றார் அதிகாரி.

"நடக்கறமுங்க" என்றாள் ரங்காத்தாள். "எங்க வாசல்ல நடக்க யாருகிட்டங்க அனுமதி வாங்கோணும்?"

குடத்துத் தண்ணீர் அசைகிற சத்தம் அறுபது வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. நாய்கள் படுத்தன. தெற்கே, வெட்டிமுடித்த குழியின் சுவரில் முதலில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, பிறகு அந்தக் கோடு மண்டையாகி, மண்டைக்குப் பின்னால் முதுகாகி, இருபத்து மூன்று கோடி வருஷமாக யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கியறியாத நடையில், இந்தத் தடவை எல்லார் கண் முன்னாலும், எட்டு மேல் எட்டு வைத்து, குழிச் சுவரைவிட்டு ஏறி, பாறைத் தரைக்கு அடியில் அவசரப்படாமல் வந்தது. தன் காலணிக்கு அடியில் அது போனபோது அதிகாரி ஒரு காலைத் தூக்கினார். எந்தக் காலைத் தூக்குவது என்று தெரியாமல் அதை இறக்கி மற்றதைத் தூக்கினார். கோப்பு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. நடந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது. முன்னால் இருந்தவள் ரங்காத்தாள், அதனால் அவர் அவளை நோக்கி வந்தார்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கொதிக்கிற பாறை அவள் பாதத்துக்குக் கீழே மட்டும் கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டது. குனிந்து பார்த்தால் தெரிந்திருக்கும், அவள் இரண்டு பாதங்களையும் நடுவில் வைத்துத் தாடை திறந்திருந்தது. அவள் குனியவில்லை. ஓடினால் இரை, உட்கார்ந்தாலும் இரை என்பது ஆடு மேய்த்தவளுக்குத் தெரியும். முதுகு எலும்பு ஒவ்வொன்றாக வலிக்க வலிக்க, இத்தனை வருஷமாக மறந்துபோன உயரத்துக்கு அவள் நிமிர்ந்து நின்றாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. சென்னியப்பன். அவன் முகத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்குச் சமமாகக் காலை ஊன்றி நின்றான்.

தாடை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவர் தலையைத் திருப்பினார். வாசல்படிக்கு எதிரே, பாறையைக் குடைந்து நட்டிருந்த ஏழாம் எண் கருங்கல்லின் அடிப்பாகம் அவருடைய பாறைக்குள்ளே ஒரு முழம் இறங்கியிருந்தது. அதைக் கடித்தார். கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது, கரும்பைவிடப் பெரிதாக. கல் இரண்டாகப் பிளந்து சாய்ந்தது, எண் எழுதிய பாதி ரங்காத்தாளின் காலடியில் வந்து விழுந்தது. அதில், ஒரு சாண் நீளத்துக்கு, கருக்கு வைத்த பல் ஒன்று வேரோடு பெயர்ந்து ஏறி நின்றது. செவத்தக்கரட்டுப் பாறைக்கு வெளியே, வெயிலில், காற்றில், அவருடைய உடம்பில் ஒரு துண்டு வந்தது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பி, வந்த நடையிலேயே போனார்.

ஸ்டெல்லா முன்னால் வந்து மண்டிபோட்டு, கல்லைத் தொடாமல், "சார், இதுக்கு நான் அச்சு எடுக்க வேண்டியதில்லை" என்றார்.

அதிகாரி கோப்பை எடுத்துத் தூசி தட்டினார். பார்த்ததை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆனால் அரசாங்கத்து எல்லைக்கல் ஒன்று உடைந்திருக்கிறது, அதற்கு இடம் இருந்தது. "கல்லைச் சேதம் பண்ணினது யாருன்னு எழுதணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"எழுதுங்க. ரங்காத்தாள், சென்னியப்பன் சம்சாரம்."

"சென்னியப்பன்" என்றான் அவன்.

மயிலாள் பெயர் சொன்னாள். முத்தன் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக வந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார்கள், இடுப்பில் இருந்த பிள்ளைகளுக்குத் தாய்மார் சொன்னார்கள். எழுதி எழுதி அதிகாரியின் விரல் மரத்துப்போனது. முடித்துவிட்டார் என்று நினைத்தபோது ரங்காத்தாள் சொன்னாள்: "கடிச்சவரு பேரு விட்டுப்போச்சுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வெயில், களைப்பு, காலுக்கடியில் போனது இன்னும் உள்ளங்காலில் இருந்தது. 'பெயர் தெரியாத ஒருவர், இருப்பிடம் செவத்தக்கரடு' என்று இருநூற்றுப் பதின்மூன்றாவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு வரிதான் கரட்டைக் காப்பாற்றியது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது, கல்லும் பல்லும் சான்றுப் பொருளாகப் போயின, சம்பவ இடத்தில் வழக்கு முடிகிறவரை ஒரு கூடை மண்ணையும் எடுக்கக்கூடாது என்று உத்தரவானது. கோர்ட்டு இலவசமாகக் கொடுத்த வக்கீல், குற்றத்தை ஒப்புக்கொண்டு சின்ன அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். முடிந்தால் மறுநாளே வெடி வைப்பார்கள் என்று ரங்காத்தாளுக்குத் தெரியும். "கடிச்சா ஒத்துக்கலாமுங்க. என்ற பல்லைப் பாருங்க" என்று நீதிபதியைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள். ஸ்டெல்லா கூண்டில் ஏறி, இந்தப் பல் இங்கே நிற்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் யாருடையதும் இல்லை என்று சத்தியம் செய்தார்.

"பல்லின் வயது என்ன?" என்று சிவசண்முகத்தின் வக்கீல் கேட்டார்.

"இருபத்து மூணு கோடி வருஷம்."

"அப்படியென்றால் பல்லுக்குச் சொந்தக்காரர் செத்துவிட்டார்."

"பல்லோட வயசைத்தான் கேட்டீங்க. அதைத்தான் சொன்னேன்" என்றார் ஸ்டெல்லா.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் விடுவித்தார்கள். மிச்சம் ஒருவர். அவருக்குச் சம்மன் அனுப்பாமல் வழக்கை முடிக்கவும் முடியாது, நடத்தவும் முடியாது. ஆகவே ஆவணி மாதத்தில் கோர்ட்டு ஊழியர் சபாபதி, தோளில் பையும் கையில் காகிதமுமாக, பஸ்ஸைவிட்டு இறங்கிக் கரட்டின்மேல் ஏறி வந்தார். சட்டப்படி பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் இல்லாததால், "செவத்தக்கரட்டுக்காரரே" என்று மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது கூப்பாட்டுக்கு அவர் சபாபதி நின்ற பாறைக்கு அடியில் வந்தார். காகிதத்தை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் சபாபதி அதைக் குனிந்து பாறையில் வைத்தார். கரட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காகிதத்துக்கு அடியில் நடந்து, வடக்கே போனார்.

சபாபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ரங்காத்தாள் வாசலில் வந்து உட்கார்ந்து, திருப்பி எழுத வேண்டிய படிவத்தை எடுத்து மடியில் வைத்தார். நல்ல மனுஷர், மறைக்கத் தெரியாதவர். "இதுல நாலுதாம்மா இருக்குது. ஆள் இல்லை, வீடு மாறிவிட்டார், இறந்துவிட்டார், பெற மறுத்தார். எதையாச்சும் ஒண்ணை டிக் பண்ணணும். மூணாவதைப் பண்ணினா வழக்கு இன்னியோட முடிஞ்சுரும்னு எங்கிட்ட ஒருத்தர் சொல்லி அனுப்பியிருக்கார். இருபத்து மூணு கோடி வருஷம்னு கோர்ட்டுலயே பதிவாயிருக்கு பாருங்க."

ரங்காத்தாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை நின்றாள்.

"ஏனுங்க, நீங்க கூப்பிட்டப்ப வந்தாருங்களா?"

"வந்தார்."

"காயிதத்தைப் பாத்தாருங்களா?"

"பார்த்தாப்பலதான் இருந்துது."

"அப்பறம்?"

"போயிட்டார்."

"செத்தவரு வருவாருங்களா? வந்துட்டு, பாத்துட்டு, வேண்டாம்னுட்டுப் போவாருங்களா? உங்க கண்ணுல பாத்ததை எழுதுங்க."

சபாபதி படிவத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், சொல்லி அனுப்பியவரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை உதறி, நாலாவதில் குறி போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில், அழுத்தி, 'நேரில் வந்து பெற மறுத்தார்' என்று எழுதினார்.

"இனி ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் வரணும்" என்றார் எழுந்துகொண்டே. "அதுக்கப்பறமும் வரணும். வழக்கு நிக்கிற வரைக்கும் வந்துட்டேதான் இருக்கணும்."

"வாங்க" என்றாள் ரங்காத்தாள். "நாங்க எங்கயும் போறதா இல்லீங்க."